செங்கோட்டைக்கு நானும் பையனும், அஞ்சு ராத்திரி

நாள் 1, ராத்திரி, எழும்பூர் தாண்டி

பொதிகை எக்ஸ்பிரஸ்ல ஏறியாச்சு. எனக்கு லோயர், பையனுக்கு மிடில்னு டிக்கெட், ஆனா அவனுக்கு அப்பர் தான் வேணுமாம், எதிர்ல இருந்த காலேஜ் பையன்கிட்ட அவனே போய் கேட்டு மாத்திக்கிட்டான், எனக்கு எட்டு வயசுல அந்த தைரியம் சுத்தமா கிடையாது, யாராவது பேர் கேட்டாலே அம்மா சேலைக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்குவேன்.

காலாண்டு லீவுல பாதி என்கிட்ட, பாதி அவங்க அம்மாகிட்ட. கோர்ட்ல அப்படித்தான் ரெண்டு பேரும் பேசி எழுதிக்கிட்டோம். நாங்க பிரிஞ்சப்ப அவனுக்கு நாலு முடியல, அஞ்சு வயசுக்கு உட்பட்ட பிள்ளை பொதுவா அம்மா பொறுப்புல தான் இருக்கணும்னு 1956ல வந்த சட்டத்துலயே இருக்கு, அதுல எனக்கு சண்டை எதுவும் இல்ல. ரெண்டு வாரத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை நான் போய் கூட்டிட்டு வருவேன், சாயங்காலம் கொண்டு விடுவேன். அஞ்சு ராத்திரி தொடர்ந்து என்கூட இருக்கப் போறது இதான் முதல் தடவை. பேக்ல என்னென்ன வைக்கணும்னு அவ ஒரு லிஸ்ட் எழுதி குடுத்திருக்கா, தலைவலி தைலத்துல இருந்து எக்ஸ்ட்ரா ஜட்டி வரைக்கும், அதுல கடைசி வரி "ராத்திரி ஒரு தடவை எழுப்பி பாத்ரூம் கூட்டிட்டு போங்க". இது எனக்குத் தெரியாது. நாலு வருஷத்துல எனக்குத் தெரியாம போனது எவ்வளவோ இருக்கு.

செங்கல்பட்டு தாண்டினதும் கேட்டான், "அப்பா, நாம எதுக்கு செங்கோட்டை போறோம்?"

"நான் பிறந்த ஊருடா. தாத்தா ரயில்வேல வேலை பாத்த இடம்."

"ட்ரெயின் ஓட்டினாரா?"

இல்ல, கீமேன்னு சொன்னேன். என் அப்பா டெய்லி காலைல வெளிச்சம் வர்றப்ப தண்டவாளத்து மேலயே நடந்து போவார். தோள்ல ஒரு நீளக்காம்பு சுத்தியல், ஒரு பெரிய ஸ்பேனர், செவப்புக் கொடி பச்சைக் கொடி, அப்புறம் தண்டவாளத்துல வைக்கிற பட்டாசு, ஆபத்துன்னா அதை வெச்சா அது மேல இன்ஜின் ஏறினதும் வெடிக்கும், டிரைவருக்கு நிறுத்தணும்னு தெரிஞ்சுடும். அப்ப மீட்டர் கேஜ், தண்டவாளத்துக்கு அடில குறுக்க இரும்பு ஸ்லீப்பர் கிடக்கும், தண்டவாளத்தை அதோட பிடிச்சு வைக்க இரும்புச் சாவி அடிச்சு இறுக்கியிருப்பாங்க, வண்டி ஓட ஓட அது தளரும், ஒவ்வொண்ணா பாத்து அடிச்சு இறுக்கணும். அதனால தான் கீமேன். இப்ப கான்கிரீட் ஸ்லீப்பர், சாவிக்குப் பதிலா சுருட்டின கம்பி மாதிரி ஒரு கிளிப், ஆனா வேலைக்குப் பேர் இன்னும் அதே தான்.

ஒரு லீவுல என்னையும் கூட்டிட்டு போனார். அப்ப எனக்கும் எட்டு வயசு. சுத்தியலை என் கைல குடுத்து தட்டிப் பாருன்னார். இறுகி இருந்தா ணங்குனு சத்தம் வரும், அந்த அதிர்வு காம்பு வழியா நம்ம கைக்கு ஏறும். லூசா இருந்தா டொக். அவ்வளவு தான், கண்ணை மூடிக்கிட்டு கூட சொல்லலாம்.

பையன் உடனே பேனாவை எடுத்து அப்பர் பெர்த் சங்கிலியைத் தட்டினான். டொக். ஜன்னல் கம்பி, ணங். கீழ இறங்கி வந்து தண்ணி பாட்டில், என் வாட்ச், எதிர் சீட்டு பெரியவரோட தகர டிபன் பாக்ஸ் வரைக்கும். அவர் சிரிச்சுக்கிட்டே ரெண்டாவது டப்பாவையும் நீட்டினார்.

அப்புறம் படுத்துக்கிட்டே கேட்டான், "தாத்தா டெய்லி வேலை முடிஞ்சு உங்க வீட்டுக்கு வந்துடுவாரா?"

இல்லடா, அவர் பகவதிபுரத்துல குவாட்டர்ஸ்ல இருந்தார், நாங்க ஸ்கூலுக்காக செங்கோட்டைல இருந்தோம், வாரம் ஒரு தடவை வருவார்.

"ஓ. உனக்கும் சண்டே அப்பா தானா."

அவன் அதை வருத்தமா சொல்லல. உனக்கும் மிடில் பெர்த் தானாங்கிற மாதிரி சொன்னான். நான் ஆமாடான்னு சொல்லிட்டேன், ஆனா அது சரியில்லைன்னு மனசு அரிச்சுக்கிட்டே இருக்கு. எங்க அப்பா வந்து சேர்ற வீட்டுல எங்கம்மா இருந்தா. நான் வர்றது வாசல் வரைக்கும் தான்.

பதினோரு மணிக்கு எழுப்பி பாத்ரூம் கூட்டிட்டு போனேன்.

நாள் 2, செங்கோட்டை

காலைல ஸ்டேஷன்ல இறங்கினதும் குளிர்ந்த காத்து. மலை அப்படியே கண்ணு முன்னாடி, பாதி மேகத்துக்குள்ள. அத்தை வீட்டுல தான் தங்கறோம், அப்பாவோட தங்கச்சி, எழுபது தாண்டிடுச்சு. வாசல்லயே அவன் தாடையைப் பிடிச்சுக்கிட்டு "எய்யா, எங்கண்ணன் மூஞ்சில்லா இது"ன்னு அழுதுட்டா. அப்புறம் என்கிட்ட மெதுவா "அவ நல்லாயிருக்காளாப்பா?"ன்னு கேட்டா. நல்லாயிருக்கா அத்தைன்னேன். அதுக்கு மேல கேக்கல. ஊர்ல எல்லாரும் கேப்பாங்கன்னு நான் பயந்த கேள்வியை அத்தை எவ்வளவு அழகா கேட்டு முடிச்சுட்டா.

இந்த ஊர் 1956 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம் இருந்தது, நவம்பர் 1ல தான் சென்னை மாகாணத்தோட சேர்ந்துச்சுன்னு பையன்கிட்ட சொன்னேன், "ஊர் எப்படி நகரும்?"னு கேட்டான். ஊர் நகரலடா, கோடு நகர்ந்துச்சுன்னேன். அவன் கொஞ்ச நேரம் யோசிச்சான். அப்ப அங்க இருந்தவங்களைக் கேட்டாங்களான்னான். வாஞ்சிநாதன் சிலையைக் காட்டி, இந்த ஊர்க்காரர் தான், 1911ல மணியாச்சி ஸ்டேஷன்ல ஆஷ் துரையை சுட்டவர்னு சொன்னா அதுலயும் அவனுக்கு மணியாச்சி எந்த லைன்ல இருக்குங்கிறது தான் முக்கியமா போச்சு. ரத்தம் அப்படி.

சாயங்காலம் தென்காசி பெரிய கோயில். ராஜகோபுர வாசல்ல நிக்கறப்ப பொதிகை மலைல இருந்து வர்ற காத்து ஆளையே தள்ளும், உள்ள போறப்ப ஒரு பக்கமா தள்ளுது, இன்னும் கொஞ்சம் நடந்தா வேற பக்கத்துல இருந்து தள்ளுது, பையன் கையை விரிச்சுக்கிட்டு முன்னாடி பின்னாடி பத்து தடவை போய் வந்தான். நானும் இதே இடத்துல இப்படித்தான் ஓடினேன், அதையும் சொன்னேன்.

இந்தக் கோபுரம் என் அப்பா சின்ன வயசுல கிடையாது. இடி விழுந்து எரிஞ்சு, நூத்தி அம்பது வருஷத்துக்கு மேல மொட்டையா நின்னுச்சு. ஒன்பது நிலையும் திரும்பக் கட்டி 1990ல கும்பாபிஷேகம் பண்ணினாங்க, எனக்கு அப்ப நாலு வயசு, அப்பா தோள்ல உக்காந்து பாத்தேன். எனக்கு ஞாபகம் இருக்கிறது கோபுரம் இல்ல, கூட்டமும் இல்ல, அப்பா தலைமுடில தேங்காய் எண்ணெய் வாசனையும், என் ரெண்டு கணுக்காலையும் அவர் இறுக்கிப் பிடிச்சிருந்ததும் தான். கைல காப்பு காய்ச்சிருக்கும், சொரசொரன்னு இருக்கும்.

கோயிலைக் கட்டின பராக்கிரம பாண்டியன் அங்க ஒரு பாட்டை கல்வெட்டா வெட்டி வெச்சிருக்கார். பிற்காலத்துல இந்தக் கோயிலுக்கு ஏதாவது குறை வந்தா, அதை சரி பண்ணி காப்பாத்தறவங்களை இப்பவே விழுந்து கும்பிடறேன்னு பொருள். ஒரு ராஜா, தனக்கு அப்புறம் எப்பவோ வரப்போற முகம் தெரியாத ஆளை கும்பிட்டிருக்கார். நான் அதைப் பையனுக்கு விளக்கி சொல்றப்ப எனக்குத் தொண்டை கொஞ்சம் அடைச்சுக்கிச்சு.

அவனைத் தோள்ல தூக்கலாம்னு பாத்தேன். "நான் பெரிய பையன்பா"ன்னு இறங்கிட்டான்.

நாள் 3, குற்றாலம்

சீசன் முடியற நேரம், ஆனாலும் நல்ல தண்ணி. பேரருவில கூட்டம் அதிகம், ஆர்ச்சைத் தாண்டி தண்ணி விழுந்தா குளிக்க விட மாட்டாங்க, இன்னைக்கு அளவா விழுந்துச்சு. மேல இருந்து நேரா நம்ம தலைல விழுந்தா தாங்க முடியாது, நடுவுல பொங்குமாங்கடல்னு ஒரு பெரிய பள்ளம், அதுல விழுந்து நிரம்பி, அப்புறம் தான் வழிஞ்சு நம்ம மேல வருது. முதல்ல பயந்து என் இடுப்பைக் கட்டிக்கிட்டான். அப்புறம் வெளிய வரவே மாட்டேன்னுட்டான். உதடு நீலமாகி பல்லு கிடுகிடுன்னு அடிக்குது, "இன்னும் ஒரு தடவை, லாஸ்ட், லாஸ்ட்"னு ஆறு தடவை.

தலை துவட்டி விட்டேன். அவன் பின்னந்தலைல, வலது காதுக்கு மேல, ரெண்டாவது சுழி ஒண்ணு இருக்கு. பிறந்தப்பவே பாத்தது, மறந்தே போயிருந்தேன்.

பார்டர் கடைல புரோட்டா சாப்பிட்டு வந்து எட்டு மணிக்கே தூங்கிட்டான். நானும் தூங்கப் போறேன்.

நாள் 4, புனலூர் வரைக்கும் போய் வந்தோம்

இதுக்காகத் தான் வந்தது. காலைல பஸ்ல மலை ஏறி இறங்கி புனலூர், மதியம் மதுரை போற வண்டில திரும்ப செங்கோட்டை. 49 கிலோமீட்டர் ரயில் ரோடு, 1904ல திறந்தது. என் சின்ன வயசுல இதுல மீட்டர் கேஜ் வண்டி ஓடுச்சு, 2010 செப்டம்பரோட நிறுத்திட்டாங்க, அகலப்பாதையா மாத்தி முழுசா வண்டி விட 2018 ஆயிடுச்சு. கடைசி மீட்டர் கேஜ் வண்டியை வழியனுப்ப அப்பா ரிட்டயர் ஆன ஆளா போய் பிளாட்பாரத்துல நின்னார், நான் வேலை இருக்குன்னு வரல. அடுத்த ரெண்டு வருஷத்துல அவரும் போயிட்டார். புது வண்டியை அவர் பாக்கவே இல்ல.

பஸ்ல ஆரியங்காவு வளைவுல பையன் வாந்தி எடுத்துட்டான். கண்டக்டர் தண்ணி குடுத்து, முன்சீட்டுல உக்கார வெச்சார். அது நல்லதா போச்சு, கழுதுருட்டிகிட்ட பதிமூணு கண் பாலம் அவனுக்கு முழுசா தெரிஞ்சுது. ரோட்டோரமாவே கருங்கல்லுல உசரமா பதிமூணு வளைவு, பலப்படுத்தி இன்னைக்கும் அது மேல தான் வண்டி போகுது. விரல் விட்டு எண்ணினான், பன்னெண்டு தான் வருதுன்னான், பஸ் போயிடுச்சு. திரும்ப வர்றப்ப எண்ணலாம்னேன், அப்புறம் தான் உறைச்சுது, திரும்ப வர்றப்ப நாம அதுக்கு மேல இருப்போம், எண்ண முடியாது.

புனலூர்ல கல்லடை ஆத்து மேல தொங்குபாலம். 1877ல ஆல்பர்ட் ஹென்றிங்கிற இன்ஜினியர் கட்டினது, ரெண்டு பக்கமும் கல் தூண், நடுவுல இரும்புச் சங்கிலி. நடக்கத் தான் விடறாங்க. பையன் சங்கிலிகிட்ட போய் பேனாவை எடுத்தான். ணங். "அப்பா, இறுக்கமா இருக்கு, தாத்தா பாஸ் பண்ணிடுவார்"னான். அவன் பாத்தே இராத தாத்தா.

ஸ்டேஷன்ல வண்டிக்குக் காத்திருக்கப்ப மீட்டர் கேஜ்னா என்னன்னு கேட்டான். ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல சரியா ஒரு மீட்டர். இப்ப இருக்கிற பிராட் கேஜ் 1676 மில்லிமீட்டர், அதாவது அஞ்சடி ஆறு இஞ்ச். சொல்லிட்டு இருக்கப்பவே சிரிப்பு வந்துடுச்சு, என் உயரமும் அஞ்சடி ஆறு இஞ்ச் தான்டான்னேன். அவன் பிளாட்பாரத்துல இருந்து எட்டி தண்டவாளத்தைப் பாக்கறான், என்னைப் பாக்கறான், மறுபடி தண்டவாளத்தைப் பாக்கறான். "நீ படுத்தா சரியா இருக்கும்!" படுக்கக் கூடாதுடான்னேன்.

"ஒரு மீட்டர்னா எவ்வளவு?" அவன் நெஞ்சுகிட்ட கையை வெச்சுக் காட்டினேன். "நீ இவ்வளவு உயரம் இருந்தப்ப எல்.கே.ஜி."

பழைய வீட்டுல கதவு நிலைல அவனுக்கு மாசாமாசம் பென்சில்ல கோடு போடுவோம், நான் தலைல ஸ்கேல் வெச்சு பிடிப்பேன், அவ கோடு போட்டு தேதி எழுதுவா. கடைசி கோடு 101 சென்டிமீட்டர். அதுக்கப்புறம் அந்த வீட்டைக் காலி பண்ணிட்டோம். இதை நான் அவன்கிட்ட சொல்லல. சொல்லக் கூடாதுன்னு இல்ல, அவங்க அம்மாவைப் பத்தி அவன் முன்னாடி பேசறதுன்னாலே வார்த்தை எங்கயோ தப்பா போயிடுமோன்னு நாலு வருஷமா நான் பேசறதே இல்ல. ஏன், அவளையும் என்னையும் சேத்து "நாங்க"ன்னு ஒரு வார்த்தை நான் அவன் காதுபட சொன்னதா ஞாபகமே இல்ல.

வண்டி ஏறிச்சு. ஒற்றக்கல், தென்மலை, மெதுவாத் தான் போகும், ஏத்தம். பின்னாடி ஒரு இன்ஜின் தள்ளுது. ரெண்டு பக்கமும் காடு, ஜன்னல்ல கை நீட்டினா இலை. பதிமூணு கண் பாலத்து மேல வந்தப்ப கீழ ரோட்டுல ஒரு பஸ், யாரோ ஒரு குட்டிப் பாப்பா டாட்டா காட்டுச்சு, இவனும் காட்டினான். நான் விடாம என் கதையை சொல்லிக்கிட்டே வந்தேன், இங்க தான் யானை நின்னுச்சு, இந்த ஸ்டேஷன்ல தான் அப்பா எனக்கு சுக்குக் காப்பி வாங்கித் தந்தார், இந்தத் தூணுல தான் என் பேரை எழுதினேன். கைல இருக்கிறது அஞ்சு நாள், அதுக்குள்ள எல்லாத்தையும் அவன் பைல திணிச்சுடணும்னு ஒரு அவசரம்.

அவன் நடுவுல கேட்டான், "நான் குட்டியா இருந்தப்ப நீ, நான், அம்மா மூணு பேரும் ட்ரெயின்ல போயிருக்கோமா?"

அப்ப குகை வந்துடுச்சு. நல்ல நீளம், உள்ள சத்தம் காதை அடைக்கும், பேச முடியாது. வண்டி பூரா எல்லாரும் ஓன்னு கத்தறாங்க, அவன் மட்டும் கத்தல, இருட்டுல என் முழங்கையைப் பிடிச்சுக்கிட்டு பதிலுக்குக் காத்திருக்கான். எனக்கு அந்த ஒண்ணு ரெண்டு நிமிஷம் வேண்டியிருந்துச்சு.

வெளிய வந்ததும் சொன்னேன். போயிருக்கோம்டா. இதே பொதிகைல. உனக்கு ஒன்றரை வயசு, தாத்தா திவசத்துக்கு. வண்டி ஓடினா தூங்குவ, ஸ்டேஷன்ல நின்னா முழிச்சு அழுவ. விழுப்புரத்துல அழுத அழுகைல பக்கத்து பெட்டில இருந்து ஆள் வந்து பாத்தாங்க. அப்புறம் அம்மா பேக்ல இருந்து ஒரு சேலையை எடுத்தா, நான் ரெண்டு மிடில் பெர்த் சங்கிலிக்கும் குறுக்க அதைத் தூளியா கட்டினேன், அம்மா முடிச்சை ரெண்டு தடவை இழுத்துப் பாத்தா. உன்னை உள்ள போட்டதும் கால் மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு தூங்கிட்ட. நானும் அம்மாவும் கீழ உக்காந்து மாத்தி மாத்தி விடிய விடிய ஆட்டினோம்.

"நாங்க உன் கால் விரலைப் பிடிச்சு சிரிச்சோம்"னும் சொன்னேன்.

அவன் அசையாம கேட்டான். என் யானைக்கோ சுக்குக் காப்பிக்கோ அவன் முகம் இப்படி ஆகல. நான் என் சின்ன வயசைக் குடுக்கணும்னு இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தேன், அவன் கேட்டது அவனோட சின்ன வயசை. அதுல பாதி என்கிட்ட இருக்கு, இவ்வளவு நாளா அதைத் தராமலே வெச்சிருந்திருக்கேன்.

"தூளி என்ன கலர்?"

பச்சைன்னு நினைக்கறேன்னேன்.

"நினைக்கறியா, தெரியுமா?"

தெரியலடா, அம்மாகிட்ட கேளு, அவளுக்குத் தெரியும்.

பகவதிபுரம் வந்துச்சு. குவாட்டர்ஸ் இருந்த பக்கம் செடி மண்டிக் கிடக்கு, சுவர் கூட தெரியல. ஒரு ட்ராக்மேன் ஓரமா ஒதுங்கி நின்னு வண்டியையே பாத்துக்கிட்டு இருந்தார், தோள்ல சுத்தியல், கைல பச்சைக் கொடி. பையன் எழுந்து நின்னு சல்யூட் அடிச்சான். அவர் கொடியை லேசா ஆட்டினார்.

நாள் 5, திரும்பற வண்டில

பகல் பூரா அத்தை வீட்டுல தான். கதவு நிலைகிட்ட நிக்க வெச்சு பையனுக்கு பென்சில் கோடு போட்டேன், அத்தை வீட்டுக் கதவு, யாரும் காலி பண்ண மாட்டாங்க. 127. கீழயே 101லயும் ஒரு கோடு போட்டு, எல்.கே.ஜின்னு எழுதி, பழைய வீட்டுக் கதவைப் பத்தி எல்லாத்தையும் சொன்னேன். யாரு ஸ்கேல் பிடிச்சது, யாரு எழுதினதுன்னு சேத்தே சொன்னேன். சண்டே அப்பான்னு நீ சொன்னதுக்கு நான் ஆமான்னது சரியில்லடா, தாத்தா வந்தது எங்க எல்லாரும் இருந்த வீட்டுக்குன்னும் சொன்னேன். "தெரியும்பா"ன்னான். அவ்வளவு தான் சொன்னான்.

அத்தை ரெண்டு பொட்டலம் கட்டிக் குடுத்தா, ரெண்டும் ஒரே அளவு. ஒண்ணு எனக்கு, ஒண்ணு "அவ கைல குடுத்துரு எய்யா"ன்னு பையன்கிட்ட. இப்ப அது அவன் தலைமாட்டுல இருக்கு.

நாள் 6, காலை, எழும்பூர்

பிளாட்பாரத்துலயே வந்து நின்னா. வழக்கமா ஸ்டேஷன் வாசல்ல தான் நிப்பா. பையன் ஓடிப் போய் பொட்டலத்தைக் குடுக்கறதுக்கு முன்னாடியே, "அம்மா, நான் குட்டியா இருந்தப்ப ட்ரெயின்ல தூளி கட்டினீங்களே, அது என்ன கலர்? அப்பா பச்சைங்கறார், ஆனா தெரியலையாம்."

அவ என்னைப் பாத்தா. நான் பையைக் கீழ வெச்சேன்.

"பச்சை இல்ல. மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். உன் ஆச்சி எனக்கு எடுத்துக் குடுத்த சேலை." கொஞ்சம் நிறுத்தி, "மதுரைல ஒரு முடிச்சு அவுந்துடுச்சு, அப்பா கையை அடில குடுத்து உன்னைத் தாங்கிக்கிட்டே உக்காந்திருந்தார், தென்காசி வர்ற வரைக்கும். அதைச் சொன்னாரா?"

இல்லன்னு தலையாட்டினான். எனக்கு அது ஞாபகமே இல்ல.